நீல வீடு

கூம்மியூட்டில் பிப்ரவரி.
மூன்றாம் நாளாக ஹெலிகாப்டர் வரவில்லை.
மருத்துவ நிலையத்து ஜன்னலில் பனி
பாதிக்கு ஏறிவிட்டது.
குழாய்களை அடுக்குகிறேன்:
சாம்பல் மூடி, பச்சை, மஞ்சள், ஊதா.
ஆளுக்கு நான்கு. பத்தொன்பது பேர்.

தோர்த்தெயாவின் சளியில் கிருமி தெரிந்ததிலிருந்து
ஒரு நோட்டில் எழுதிவருகிறேன்.
அவள் வீட்டுப் பிறந்தநாளில் காபி குடித்தது யார்,
தேவாலயப் பாட்டுக்குழுவில் அவள் தோளுரச நின்றது யார்,
மீன் ஆலையில் அவளுக்கு எதிரே
காட் மீனின் வயிற்றைக் கீறியது யார்.

ஊல்ரிக்கா இருக்கிறாள்: பாட்டுக்குழு, இரண்டாம் வரிசை.
அவள் கணவன் யூஸ்துஸ் பட்டியலில் இல்லை.
"வந்ததுதான் வந்தார், இவருக்கும் எடுத்துவிடு" என்றாள்.
அவன் சட்டைக் கையைச் சுருட்டினான்.
"அந்த நீல வீட்டுப் படியை நான் மிதித்ததே இல்லை" என்றான்,
நான் கேட்காத கேள்விக்கு.

ஒவ்வொன்றிலும் ஒரு மில்லி.
பத்து முறை ஆட்ட வேண்டும், குழாயின் உட்சுவரெல்லாம் நனைய.
பிறகு முப்பத்தேழு டிகிரியில்
ஓர் இரவு முழுக்க.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.

சாம்பல் மூடிக்குள் ஒன்றும் இல்லை,
ரத்தம் தனக்குள் முணுமுணுப்பதை மட்டும் அது கேட்கும்.
பச்சையிலும் மஞ்சளிலும்
கிருமியின் புரதத் துணுக்குகள். உயிர் கிடையாது,
முகஜாடை மட்டும்.
ஊதா பிடித்து உலுக்கும்: விழித்திருக்கிறாயா, இல்லையா?
அதற்கும் பதில் வராவிட்டால்
மற்றதன் மௌனத்தையும் நம்ப முடியாது.

பார்த்த முகம் என்றால் வெள்ளணுக்கள் கத்தும்.
அந்தக் கத்தலுக்கு இன்டர்ஃபெரான் காமா என்று பெயர்.
தோலில் குத்திப் பார்க்கும் சோதனையை
பிள்ளை வயதுத் தடுப்பூசி சில சமயம் ஏமாற்றிவிடும்.
இதனிடம் அது பலிக்காது.

அன்றிரவு பரிசோதனைக் கட்டிலிலேயே படுத்தேன்.
இரண்டு மணிக்கு விளக்கு ஒருமுறை சிமிட்டியது.
எழுந்து பெட்டியின் எண்ணைப் பார்த்தேன்: 36.8.
தாங்கிக்கொண்டது.
நாய்கள் எதற்கோ குரைத்து ஓய்ந்தன.

ஒன்பது நாள் கழித்து முடிவுகள் வந்தன.
ஊல்ரிக்கா, 0.02.
யூஸ்துஸ், 4.12.

நான் அவனிடம்தான் கொடுத்தேன்.
அவள்தான் கொண்டுவந்தாள்,
நான்காக மடித்து, கையுறைக்குள் வைத்து.
"இந்த எண் என்ன சொல்கிறது?"
அவர் ரத்தம் அந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறது.
"எப்போது?"
தெரியாது. நாற்பது வருடத்துக்கு முன்னாலும் இருக்கலாம்.
"போன மாதமும் இருக்கலாம்."
இருக்கலாம்.
"எங்கே?"
ரத்தத்துக்குக் கதவின் நிறம் தெரியாது, ஊல்ரிக்கா.

சொல்லிய பிறகுதான் உறைத்தது,
எந்தக் கதவு என்று அவள் கேட்கவேயில்லை.

அவசரமாக மற்றதைச் சொன்னேன்:
நுரையீரல் படம் சுத்தம். நோய் இல்லை, பரவாது,
உள்ளே தூங்குகிறது. எழாமலிருக்க
வாரம் ஒரு முறை மாத்திரை, என் கண்முன்னால்,
பன்னிரண்டு திங்கட்கிழமை.

"திங்கட்கிழமையா" என்றாள்.
"திங்கள்தோறும் அவர் பனியில் துளை போட்டு
ஹாலிபட் பிடிக்கப் போவார்."
கையுறையை மாட்டினாள், விரல் விரலாக.
"ஒரு நாளும் மீனோடு வந்ததில்லை."

நோட்டில் அவன் பெயரை இருபதாவதாக எழுதினேன்.
சந்தித்த இடம் என்றொரு கட்டம் உண்டு.
பேனா மை உறைந்துவிட்டதாக
எனக்கே சொல்லிக்கொண்டேன்.

திங்களன்று வந்தான், தனியாக.
ஒரு கைப்பிடி மாத்திரையை ஒரே மடக்கில் விழுங்கினான்.
பயப்படாதீர்கள் என்றேன்,
இரண்டு நாளைக்குச் சிறுநீர்
செம்மஞ்சளாகப் போகும். மருந்தின் நிறம்தான்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான்.
வெளியே, வீடுகளுக்கு நடுவே எல்லாம்,
நீல வீட்டுக்குப் போகும் வழியிலும்,
புதுப் பனி.